பாலம் தாண்டி வந்த டிராக்டர்

பாலத்துக்கு அக்கரையில் இருக்கும் பத்து காவான் ஊரிலிருந்து லாரியில் வந்திறங்கிய அந்தக் கிழட்டு டிராக்டரை மோகனா பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொண்டாள். அண்ணன் நல்லமுத்துவுடையது. அவள் சாதிக்கைக் கட்டிக்கொண்டு, மதம் மாறி சுஹானா ஆன நாளிலிருந்து அந்த வீட்டிலிருந்து ஒரு குரல் வந்ததில்லை. சாதிக் மட்டும் வீட்டுக்குள் இன்னமும் மோகனா என்றுதான் கூப்பிடுவான்.

அக்கரையில் பட்டறைக்கா பஞ்சம்? பாலம் தாண்டி இக்கரையிலிருக்கும் டத்தோ கிராமாட்டுக்கு, அதுவும் தங்கை புருஷன் பட்டறைக்கு ஏன் அனுப்ப வேண்டும்? அதற்குள் அவள் மனம் அண்ணனுக்கு இலை போட்டு, சோறு பரிமாறி, ரசம் வரைக்கும் போய்விட்டது. ஆசைக்கு அளவேது.

லாரிக்காரன் ஹரீஷ் அதில் மண்ணைப் போட்டான். "அவரு எந்தக் கடைனாலும் சரின்னாருக்கா. எனக்கு இந்தப் பக்கம் சாமான் ஏத்தற வேலை. அதான் இங்கயே எறக்கிட்டேன்லா."

தேத்தண்ணி போடுகிற சாக்கில் மோகனா உள்ளே போய் அழுதாள்.

சாதிக் ஜாக் கொடுத்துத் தூக்கி, கட்டை வைத்து, இடப்பக்கச் சக்கரத்தைக் கழற்றினான். எண்ணெயை வடித்துவிட்டு ஆக்சிலை உருவியபோது பேரிங் துண்டுதுண்டாக வந்தது. சீல் கிழிந்திருந்தது. பிரேக் ஷூ தேய்ந்து ரிவெட் தெரிந்தது. எதற்கும் இருக்கட்டுமென்று வலப்பக்கத்தையும் திறந்தான். அங்கே ஷூ நேற்று மாட்டியது போலிருந்தது.

"மோகனா, இங்க வா. ஒங்க அண்ணன் இடது பக்கம் மட்டும்தான் திரும்புவாரா?"

டிராக்டரில் பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனி பிரேக். எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ, அந்தப் பக்கத்தை மிதிக்க வேண்டும்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தானே புதுசு போட்டாரு," என்றாள் மோகனா. "நான் வீட்ட விட்டு வந்த வருஷம்."

"அப்ப அதுக்குப் பொறகு தேஞ்சதுதான். நிலம் முடியற எடத்துல வலது பக்கம் என்ன, பள்ளமா?"

"வீடு. முன்னல்லாம் அந்தப் பக்கம்தான் திருப்புவாரு."

"இடது பக்கம்?"

அங்கே ஒரு பையோடு நின்றுதான் அவள் பஸ் ஏறினாள். அண்ணன் அன்று உழுதுகொண்டிருந்தார். வீட்டுப் பக்கமே திருப்பித் திருப்பி ஓட்டினார், தலையைக்கூடத் திருப்பவில்லை. அதை நினைத்து இத்தனை காலம் குமைந்துகொண்டிருந்தாள்.

"பஸ் ஸ்டாப்பு," என்றாள்.

சாதிக் தேய்ந்த ஷூவை அவள் கையில் கொடுத்தான். உழுத ஒவ்வொரு சாலுக்கும் ஒரு தரம் பஸ் ஸ்டாப் பக்கம் திருப்பி, அவள் வந்து நிற்கிறாளா என்று பார்த்திருக்கிறார், கல்நெஞ்சக்காரர். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்க மாட்டார், பிரேக்கைத் தேய்ப்பார். இப்படியும் ஒரு வீம்பு உண்டா? அவளுக்கு அண்ணன்மேல் கோபமாக வந்தது. அவரை உடனே பார்க்க வேண்டும் போலவும் இருந்தது.

புது பேரிங், சீல், ஷூ எல்லாம் மாட்டி முடித்ததும் ஹரீஷ் லாரியோடு வந்தான். டிராக்டர் ஏறியது. மோகனா தலையை மூடிய தூடோங்கைச் சரிசெய்துகொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சாதிக் கதவைச் சாத்திவிட்டான்.

"வீட்டு வாசல்லயே எறக்கிடவாக்கா?"

"வேணாம் தம்பி. என்னை பஸ் ஸ்டாப்புல எறக்கிட்டு, டிராக்டர அவருகிட்ட கொண்டு போய்க் குடு. ஏறி ஓட்டிப் பாக்கட்டும். நான் அங்க நிக்கறேன்."