படம் என்று மட்டும் சொல்கிறது

அன்று முதலில் கூப்பிட்டவர் ஒரு ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர். "மெயில் ஒண்ணு அனுப்பியிருக்கீங்கம்மா. திறந்தா 'படம்'னு மட்டும் சொல்லுது. அதுல என்னதான் இருக்கு?"

என் கம்ப்யூட்டரும் எனக்கு அதையேதான் சொன்னது. பார்வை இல்லாதவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டும் மென்பொருளை விற்கிற கம்பெனி எங்களுடையது. அந்தக் கம்பெனி தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு முக்கியமான அறிவிப்பை அனுப்பியிருந்தது, அதையும் படமாக. நல்ல எழுத்து, ஓரத்தில் பூவேலை எல்லாம் இருக்கிறது என்றார் மேலாளர். அவருக்குக் கண் தெரியும். போனில் பதில் சொல்ல உட்கார்ந்திருக்கும் எங்கள் இருவருக்கும் தெரியாது. பழைய நாளாக இருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே வயிறு வலிக்கச் சிரித்திருப்போம். பக்கத்து நாற்காலிக்காரி "ரொம்ப சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த போனை எடுத்தாள்.

கம்பெனியை ஆரம்பித்தவர் ஒரு கணக்கு வாத்தியார். அவருக்கும் பார்வை கிடையாது. சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை, வாத்தியார், அவருடைய மச்சான், நான். போன் அடித்தால் வாத்தியாரே எடுப்பார், "சாப்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கோளாறுக்கு வருவார். அவர் முடியாமல் போய் விற்றார். வாங்கினவர்கள் பூதக்கண்ணாடி செய்கிறவர்கள். அவர்களிடமிருந்து காது கேட்கும் கருவிக்காரர்கள் வாங்கினார்கள். இப்போதைய முதலாளி யாரென்றே எனக்குத் தெரியாது. பல் டாக்டர் நாற்காலி செய்கிற கம்பெனியும் அவர்களுடையதுதான் என்று கேள்வி. ஒவ்வொரு தடவையும் எங்களைக் கூட்டி வைத்து, ஒன்றும் மாறாது என்பார்கள். முதலில் பெயர்ப் பலகை மாறும், அப்புறம் நாற்காலி, அப்புறம் நாற்காலியில் இருப்பவர்கள்.

எங்கள் மென்பொருள் பெண் குரலில் பேசும். அதனால் எல்லாருக்கும் அது அக்கா. போட்டிக் கம்பெனியுடையது கட்டைக் குரல், அது மாமா. எங்களைப் போலப் பார்வையில்லாதவர்கள் நாலு பேர் கூடினால் அக்கா கட்சி, மாமா கட்சி என்று அனல் பறக்கும். நான் வாழ்க்கைப்பட்டது மாமா கட்சியில். என் வீட்டுக்காரரும் பார்வையில்லாதவர். டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதைக் கேட்டு, வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுக்கிறார். மாமாவுக்குள் தனக்கென்று குறுக்குவிசைகள் எழுதி வைத்திருக்கிறார். ஒரு விரலைத் தட்டினால் நாலு வரி வந்து விழும். அந்த வேகத்துக்குத்தான் அவருக்கு வேலை.

போன வருஷம் எங்களை வாங்கினவர்களே மாமாவையும் வாங்கினார்கள். "இப்பதான் ரெண்டு வீடும் முறைப்படி சம்பந்தியாச்சு" என்று அவர் கிண்டல் செய்தார். இரண்டில் அக்காவை மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்பது எனக்குச் சில வாரங்களாகத் தெரியும். வீட்டில்கூட மூச்சு விடக் கூடாது என்று மேலாளர் சொல்லியிருந்தார். நான் விடவில்லை. பயமெல்லாம் இல்லை. வீட்டுக்காரரிடம் சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்ப்பேன், எதுவும் தோன்றாது. குழம்பில் உப்பு போதுமா என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போய்விடுவேன்.

எங்கள் வேலை இப்படித்தான்: இடது காதில் அக்கா, வலது காதில் வாடிக்கையாளர். மேலாளர் எழுதி அனுப்பியதை அக்கா இடது காதில் ஓட்டுவாள், நான் அரை மூச்சு பின்னால் அதையே வாயால் சொல்லிக்கொண்டு போவேன். நடுவில் நின்றால் இடம் தவறிவிடும். பழகிவிட்டால் காதிலிருந்து வாய்க்கு ஒரு நேர்வழி கிடைக்கும், மனசுக்குள் போய் வரவேண்டிய அவசியமே இருக்காது. அன்று காலையிலிருந்து எத்தனையோ பேருக்கு அப்படிச் சொல்லிவிட்டேன். ஒருத்தர் அழுதார். ஒருத்தர் என் குடும்பத்தையே இழுத்துத் திட்டினார். இரண்டும் வலது காதோடு நின்றுவிட்டன.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் என் வீட்டுக்காரரே கூப்பிட்டார்.

வேலை நேரத்தில் எங்கள் செல்போனைப் பூட்டி வைத்துவிடுவார்கள். அதனால் எல்லாரையும் போலப் பொது எண்ணில் வந்திருந்தார். என் "வணக்கம்" காதில் விழுந்ததும் ஒரு மூச்சு நின்று மறுபடி வந்தது. பேசுவதெல்லாம் பதிவாகிறது என்பது அவருக்குத் தெரியும்.

"வணக்கம் மேடம். ஒரு மெயில் வந்திருக்கு. படம்னு மட்டும் சொல்லுது."

"படிச்சுச் சொல்றேன் சார்."

விசையைத் தட்டினேன். அக்கா ஆரம்பித்தாள், நானும் பின்னாலேயே போனேன். அன்பார்ந்த பயனாளரே. இரண்டு குடும்பங்கள் ஒன்றாகும் இந்த இனிய தருணத்தில். உங்கள் நீண்டகாலத் தோழனான மென்பொருள் இந்த மாத இறுதியுடன் தன் சேவையை நிறைவு செய்கிறது. நன்றாகவே பூசி மெழுகியிருந்தார்கள்.

"நிறைவு செய்யுதுன்னா நின்னு போகுதா மேடம்?"

"ஆமா சார்."

"நான் எழுதி வச்ச குறுக்குவிசையெல்லாம் புதுசுல ஓடுமா?"

அது வாசகத்தில் இல்லை. ஆனால் எனக்குத் தெரியும். "ஓடாது சார்."

"ஸ்பீடு கொறஞ்சா என் வேலையத் தூக்கி மெஷின்கிட்ட குடுத்துடுவாங்க. காத்துக்கிட்டே இருக்காங்க. இது நிக்கப் போகுதுன்னு உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும் மேடம்?"

அக்கா முடித்துவிட்டிருந்தாள். இடது காதில் ஒன்றுமில்லை.

"கொஞ்ச நாளா சார்."

"சரி." அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இதுக்கு மேல யார்கிட்ட பேசணும்?"

"மேல் பிரிவுக்கு மாத்தறேன் சார். காத்திருக்கணும்."

"இருக்கேன். இனிமே எனக்கு வேற என்ன வேல?"

மேல் பிரிவில் இருந்தவரைப் போன வாரமே அனுப்பிவிட்டார்கள். அந்த இணைப்பை எடுக்க மட்டும் மறந்துவிட்டார்கள். மேலாளரிடம் கேட்டதற்கு, "இருக்கட்டும், மாத்தி விடுங்க. சலிச்சுப்போய் அவங்களே வச்சிடுவாங்க" என்றார். காலையிலிருந்து கேட்டவர்களை எல்லாம் அங்கேதான் மாற்றிக்கொண்டிருந்தேன். அவரையும் மாற்றினேன். உடனே அடுத்த போன் வந்தது. அதில் வந்தவரும் படம் என்று மட்டும் சொல்கிறது என்றார்.

சாயங்காலம் பக்கத்து நாற்காலிக்காரி முதலில் கிளம்பினாள், பிறகு மேலாளர். நான்தான் கடைசி. கதவைப் பூட்டி, காவல்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எங்கள் மாடிப்படி ஏறும்போதே அந்த இசை கேட்டது. காத்திருப்பவர்களுக்குப் போடுவது. கதவு திறந்தே இருந்தது. மேஜைமேல் போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் பையை வைக்கும்போது கைக்குக் கீபோர்டு தட்டுப்பட்டது. அதன்மேல் துணி போர்த்தியிருந்தது. மதியத்துக்கென்று காலையில் நான் மூடி வைத்துவிட்டுப் போன தட்டும் அப்படியே இருந்தது.

"சாப்பிடலையா?"

"உஷ். வரிசைல இருக்கேன்."

அங்கே யாரும் இல்லை, அறையே பூட்டியாகிவிட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இடது காதில் சொல்லித் தர யாருமில்லை.

"கை கால் கழுவிட்டு வா" என்றார். "யாராவது எடுத்தா நீயே பேசு. நீ சொன்னா அவங்களுக்குப் புரியும்."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் போனைத் தடவி எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் தள்ளி வைத்தார். இசை முடிந்தது. இருவரும் ஒரே நேரத்தில் முன்னால் குனிந்தோம். அது மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. அவர் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.