ஸ்டேஷன் மாஸ்டரின் குரல்

“டி.வி.யைத் தொடாதீங்க சார்” என்று இரண்டாவது முறையாகச் சொன்னாள் தங்கை.

ஸ்க்ரூடிரைவரோடு ஸ்டூலில் ஏறி நின்றவர் பேராசிரியரைத் திரும்பிப் பார்த்தார். பேராசிரியர் சுருட்டிய பேனரை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அதை மாட்ட டி.வி. இருந்த அந்தச் சுவரை விட்டால் கூடத்தில் வேறு இடம் கிடையாது. சுவரை ஒட்டி, குளிர்பெட்டிக்குள் அக்கா படுத்திருந்தாள். நாலு பேர் பேசும்போது அவள் குறுக்கே பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

“படம் பெருசும்மா. டி.வி. இருந்தா மறைக்கும்.”

“அப்ப வாசல்ல மாட்டுங்க.”

பேராசிரியர் திரைப்படக் கழகத்தின் தலைவர். பேனரில் இருந்தது பதினைந்து வருடத்துக்கு முந்தைய அக்கா; ஒரு கையில் மைக், மறு கையில் யாரையோ எச்சரிக்கும் விரல். கழகத்தில் அவளுக்குக் ‘கத்திரி’ என்று பெயர். ஒரு படத்தைச் ‘சுமார்’ என்று அவள் எழுதினால், எடுத்தவர் தலை தப்பியது என்று அர்த்தம்.

அப்படிப்பட்டவள், இரண்டு வருடத்துக்கு முன், ஒரு மனிதர் மூன்று மணி நேரம் மலைமேல் தண்ணீர் சுமக்கும் படம் முடிந்து விளக்கு எரிந்ததும், “எனக்குப் போரடிச்சுது” என்றாள். கிண்டல் செய்கிறாள் என்று எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் அவள் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து ஜப்பான்காரர்களின் சின்னச் சின்னத் தொடர்களைப் பார்க்க ஆரம்பித்தாள். அவளுக்கு ரொம்பப் பிடித்தது, ஒரு குட்டி ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள்களை வைத்திருக்கும் அறையைப் பற்றியது. யாராவது குடையைத் தேடி வருவார்கள். கிழட்டு ஸ்டேஷன் மாஸ்டரும் ஒரு துடுக்குப் பெண்ணும் தேடிக் கொடுப்பார்கள். அவ்வளவுதான் கதை.

“அரை மணி நேரம். யாரும் சாகல, யாரும் யாரையும் அடிக்கல. எனக்கு இது போதும்டி” என்பாள்.

கழகத்து நண்பர்கள் முதலில் கேலி செய்தார்கள். அப்புறம் புத்தி சொன்னார்கள். அப்புறம் போன் வருவது குறைந்தது. நோய் என்று தெரிந்தபின் பூங்கொத்து மட்டும் வந்தது.

தங்கை பல் செட் செய்கிறவள். எந்தப் படம் ஒசத்தி, எது மட்டம் என்று அவளுக்கு ஓர் அபிப்பிராயமும் இல்லை. அந்தத் தொடரைப் பார்க்க உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் தூங்கிவிடுவாள். ஆனால் அக்கா சிரிப்பது அடுக்களை வரை கேட்கும். சேர்ந்து சிரிக்கப் பூட்டுக்காரர் இருப்பார். அக்கா சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்ட ஒரு நாள் கதவைத் திறந்துவிட வந்தவர், ஓடிக்கொண்டிருந்த டி.வி.யைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார். கீழே ஓடும் இங்கிலீஷ் சப்டைட்டில் அவருக்குப் புரியாது. அக்கா தமிழில் படித்துச் சொன்னாள், ஆளுக்கொரு குரலில். அன்றிலிருந்து கடையைப் பூட்டியதும் அவர் வந்துவிடுவார்.

இப்போது அவர் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லை.

பேனரை வாசலில் மாட்டிவிட்டு வந்து பேராசிரியர் பேசத் தொடங்கினார். அவருடைய மேல்வரிசைப் பல் சரியாக உட்காரவில்லை என்பது தங்கையின் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. சமரசமே இல்லாத ரசனை என்றார், நெருப்பு என்றார். கூடம் தலையாட்டியது.

“கடைசி ரெண்டு வருஷம் நோய் அவங்க ரசனையையும் எடுத்துக்கிச்சு. மருந்து மனசைத் தளர்த்திடுச்சு. அதை நாம மறந்துடலாம். நாம அறிஞ்ச கத்திரியை மட்டும் மனசில வச்சுக்குவோம்.”

தங்கை நாற்காலியிலிருந்து எழுந்தாள். இரண்டு வருடத்தை அழித்துவிட்டு மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறார்கள். அந்த இரண்டு வருடம்தான் அக்கா இந்த வீட்டில் சந்தோஷமாக இருந்தாள்.

“சார், அவ போக்கு மாறினது முதல்ல. நோய் அப்புறம்தான் வந்துச்சு.”

“நான் தப்பா சொல்லலம்மா…”

“அவளுக்குப் பிடிச்சது மாறிச்சு. அவ்வளவுதான். அதுக்கு எதுக்கு வைத்தியம்? உங்க படமெல்லாம் பிடிச்சப்பவும் அவ மனசாரத்தான் பார்த்தா. இதையும் மனசாரத்தான் பார்த்தா.”

அவள் வாசல் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, எது வரைக்கும் பார்த்தீங்க?”

பூட்டுக்காரர் திடுக்கிட்டார். “கடைசிக்கு முந்தினது வரைக்கும்மா. இருமல் வந்துடுச்சு, நாளைக்குப் பார்க்கலாம்னாங்க.”

அவள் தன் நாற்காலியைத் தூக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டாள். “வந்து உக்காருங்க.” டி.வி.யைப் போட்டாள்.

சித்தப்பா எழுந்தார். “என்னம்மா இது, சாவு வீட்டுல? நாலு பேர் என்ன நினைப்பாங்க?”

“இது அவ வீடு சித்தப்பா. அவ டி.வி. நாலு பேர் நினைச்சுக்கட்டும்.”

பேராசிரியர் தன் ஆட்களைப் பார்த்தார். இருவர் வெளியே போனார்கள். அவருக்குப் போவதா இருப்பதா என்று தெரியவில்லை. திரையில் ரயில் வந்து நின்றது. ஒற்றைக் கையுறையோடு ஒரு டீச்சர் இறங்கி வந்தாள். சப்டைட்டில் ஓட ஆரம்பித்தது. தங்கை திணறித் திணறிப் படித்தாள்.

“‘என்னோட இன்னொரு கையுறை… இங்க வந்துச்சா?’ ‘நேத்தே வந்துடுச்சு. ஆனா… நீங்கதான் லேட்டு.’”

“சத்தமாப் படி, கேக்கல” என்றார் சித்தப்பா. அவர் மறுபடி உட்கார்ந்திருந்தார்.

பூட்டுக்காரர் அவள் பக்கம் குனிந்தார். “தப்பா நினைக்காதம்மா. அந்தப் பெரியவருக்குக் கொரல் தடிப்பா இருக்கும். அக்கா வயித்துலேர்ந்து பேசுவாங்க.”

தங்கை தொண்டையைச் செருமிக்கொண்டாள். நாற்பத்தாறு வயதில், பல் மருத்துவமனையில் பத்து வார்த்தைக்கு மேல் பேசியறியாதவள், குரலை வயிற்றுக்கு இறக்கினாள்.

“‘நீங்கதான் லேட்டு டீச்சர். உங்க கையுறையை என் பூனை போட்டுக்கிச்சு.’”

பூட்டுக்காரர் சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்து முடியாமல், பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

வெளியே அமரர் ஊர்தி வந்து நின்று ஹாரன் அடித்தது. ஓட்டுநர் வாசலில் வந்து தலையை நீட்டினார். தங்கை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு கையை மட்டும் தூக்கி, பொறுங்கள் என்று காட்டிவிட்டு, ஸ்டேஷன் மாஸ்டரின் குரலில் அடுத்த வரியைப் படித்தாள்.