கண்ணில் சந்தனம் பூசிய பிரஸ்

ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து, தாராவியில் நம்பிராஜன் பட்டறையில் இருக்கும் தோல் வெட்டும் பிரஸ், ஆபத்து வருவதற்கு முன்னாலேயே தானாக நிற்க ஆரம்பித்தது. ஆபத்து வந்த பிறகு நிற்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. அதற்கென்றுதான் கோகிலவாணி அதில் லைட் கர்ட்டன் மாட்டியிருந்தாள். பிரஸ்ஸின் வாய்க்கு இரண்டு பக்கமும் நிற்கும் மஞ்சள் கம்பங்கள் அவை. ஒன்றிலிருந்து மற்றதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளி வரிவரியாகப் போய்க்கொண்டிருக்கும். குறுக்கே கை போனால் ஒளி மறையும், பிரஸ் சட்டென்று நின்றுவிடும். கோகிலவாணி செம்பூரில் கண்ட்ரோல் பேனல் செய்யும் கம்பெனியில் இன்ஜினியர். கோரேகாவ் கண்காட்சிக்குப் புதுச் சரக்கு வந்தால் முதல் ஆளாகப் போய் நிற்பாள். கல்யாண வீட்டில் மற்றப் பெண்கள் பட்டுப்புடவையைத் தடவிப் பார்ப்பதுபோல ரிலேயையும் சென்சாரையும் தடவிப் பார்ப்பாள். இந்தக் கம்பங்களைப் பார்த்த அன்று அவள் குறுக்கே கையை விட்டு விட்டு எடுத்ததில் ஸ்டால்காரர்களே களைத்துப்போனார்கள். காரணம் இருக்கிறது. அந்த பிரஸ்ஸில் உட்கார்ந்து தோல் வெட்டுகிறவள் அவளைப் பெற்ற பேராச்சி. விரல் குறைந்த கையோடு டீ கிளாஸைப் பிடிக்கிறவர்களைத் தெருவெல்லாம் பார்த்து வளர்ந்தவளுக்கு, அம்மாவின் கை முழுசாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு வேண்டுதல் கிடையாது.

ஆயுத பூஜை அன்று தாராவியில் ஸ்க்ரூடிரைவர் முதல் தராசு வரை எதுவும் பொட்டில்லாமல் தப்பாது. பேராச்சிக்குப் பெரிய மனசு, கையும் தாராளம். புதுசாக வந்த பொருளாயிற்றே, கண்ணேறு பட்டுவிடக் கூடாதே என்று, இரண்டு கம்பங்களின் கண்ணாடியிலும் மேலிருந்து கீழ்வரை கெட்டியாகச் சந்தனம் இழுகி, அதன்மேல் வரிசையாகக் குங்குமம் வைத்துவிட்டாள். மறுநாள் காலை கோகிலவாணி உள்ளே நுழைந்ததும் அதைத்தான் பார்த்தாள். கண் மறைந்தால் மிஷின் அசையவே கூடாது, அதுதான் அதன் சட்டம். மிஷினோ தடக் தடக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் காவல் செத்துவிட்டது, அம்மாவின் கை கத்திக்கு அடியில் அநாதையாக இருக்கிறது. “எம்மா, கைய எடு!” என்று அவள் அலற வாயைத் திறக்கும் முன்பே பிரஸ் நின்றுவிட்டது. “என்னட்டி, நல்லா ஓடுனத நிப்பாட்டிட்டியே” என்று பேராச்சி முதுகை நிமிர்த்தினாள். அவள் நிமிர்ந்ததற்கு அப்புறம்தான் பரணிலிருந்த தோல்கட்டு சரிந்து, அவள் கை இருந்த இடத்தில் தொப்பென்று விழுந்தது. கட்டைத் தூக்கி ஓரமாகப் போட்டதும் பிரஸ் மறுபடி ஓடியது.

கோகிலவாணி மின்சாரத்தின் போக்கைத் திரையில் கோடாகக் காட்டும் தன் உள்ளங்கையளவு புது ஆஸிலோஸ்கோப்பை எடுத்து வயரில் மாட்டி, ஒரு குச்சியைக் குறுக்கே நீட்டிப் பார்த்தாள். பிரஸ்ஸை நிறுத்தும் கோடு திரையில் முதலில் விழுந்தது. குச்சி பிறகுதான் போனது. நீட்டுவதாகப் போக்குக்காட்டி நிறுத்திக்கொண்டால் கோடு விழவில்லை. அவளை ஏமாற்ற முடிந்தாலும் அதை ஏமாற்ற முடியவில்லை. கும்பிடத் தோன்றியது, ஸ்கோப்பை அணைக்காமலே கும்பிட்டாள். கம்பங்களை விற்ற கம்பெனியிலிருந்து முலுண்ட்காரர் வேங்கடசுப்ரமணியன் லோக்கல் ரயிலில் வந்து இறங்கினார். டிபன் பாக்ஸைத் திறக்கவும் மறந்து, சாயங்காலம் வரை குச்சியை நீட்டிக்கொண்டே இருந்தார். “இது வேலையே செய்யக் கூடாது, கோகிலா. செய்யறதே, நான் என்ன பண்ணுவேன்?” என்றார். ஆபீஸில் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மனைவி பாகீரதியைக் கூட்டிவந்து காட்டினார். அந்த அம்மாள் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

நாளாக நாளாக அதன் பார்வை நீண்டது. முதலில் மூச்சு விடும் நேரம்தான் முந்திப் பார்த்தது. பிறகு டீ குடிக்கிற நேரம், பிறகு அரை நாள். மத்தியானம் கரன்ட் எகிறப் போகிறது என்றால் காலையிலேயே நின்றது. தெருவில் ஏணி போடுகிறவர்கள், வெல்டிங் வைக்கிறவர்கள் எல்லாம், “அண்ணாச்சி, மிஷின் ஓடுதுல்லா?” என்று எட்டிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். நம்பிராஜனும் பெருமையாகத்தான் இருந்தார். தீபாவளி நெருங்கியபோதுதான் வினை வந்தது. பேராச்சி உட்கார்ந்தால் பிரஸ் நின்றது. வேறு யார் உட்கார்ந்தாலும் சமர்த்தாக ஓடியது. பண்டிகைக்குப் போக வேண்டிய பைகள் வெட்டாமல் கிடந்தன. நம்பிராஜன் தலையைச் சொறிந்துகொண்டு, “யக்கா, கொஞ்ச நாள் வீட்ல இருங்களேன்” என்றார். மிஷின் வந்த நாளிலிருந்து அதில் உட்கார்ந்தவளுக்கு அது செருப்படி மாதிரி இருந்தது. ராசியில்லாதவள் என்று தெருவில் நாலு வாய் பேசவும் தொடங்கின. வீட்டுக்கு வந்தவள் மகளைப் பிடித்துக்கொண்டாள். “நீ வச்ச கண்ணுதான, நீயே தொடச்சுப் போடு. இல்லன்னா எம் மூஞ்சில முழிக்காத, ஆமா.”

ஒரு ஈரத்துணி போதும். கண்ணாடி சுத்தமானால் லைட் கர்ட்டன் புத்தகத்தில் சொன்னபடி நடக்கும், எந்த இன்ஜினியரும் கோகிலவாணியைக் குற்றம் சொல்ல முடியாது, அம்மாவின் மானமும் திரும்பிவிடும். துணியை நனைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டுதான் போனாள். கம்பத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள். அது எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறது, எதை என்று தனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதற்காக அதன் பார்வையைத் துடைத்தெறிய அவளுக்குக் கை வரவில்லை. துணி காய்ந்தபிறகு திரும்பி வந்தாள். பேராச்சி அன்றிலிருந்து மகளுக்குச் சோறு வைத்தாள், பேச்சு வைக்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின நாள் காலை, பேராச்சி முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வலது கை திடீரென்று அவளுடையதாக இல்லாமல் போயிற்று. உடம்பின் பாரம் முழுக்க அந்தக் கையோடு முன்னால் சாய்ந்தது. மாவுச் சட்டிக்குள் கை விழுந்தது, வாய் ஒரு பக்கமாகக் கோணியது. பட்டறையில் அவள் வழக்கமாகப் பிரஸ்ஸின் முன் உட்கார்ந்திருக்கும் நேரம் அது. கோகிலவாணி தாயை வாரித் தூக்கி டாக்ஸியில் போட்டு, சயான் பக்கம் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் பறந்தாள். மூளையில் ரத்தம் கட்டியிருக்கிறது, நேரத்தோடு வந்தீர்கள், உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர். தோல் வெட்டும்போது நீளும் கை கத்தியைத் தொடுவதற்குள் பிரஸ் நிற்கும்படியான தூரத்தில்தான் அந்தக் கம்பங்களை வைத்திருந்தார்கள்; மொத்த உடம்போடும் சரிகிற கைக்கு அந்த இடைவெளி போதாது, அவள் அப்போது பிரஸ்ஸில் இருந்திருந்தால் கை போயிருக்கும் என்று வேங்கடசுப்ரமணியன் போனில் கணக்குப் போட்டுச் சொன்னார். கோகிலவாணி கட்டில் ஓரம் உட்கார்ந்து, துவண்டு கிடந்த அந்தக் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தாள். ஐந்தும் இருந்தன. என் தெய்வமே, ஐந்தும் இருந்தன என்று வாய்விட்டு அழுதாள். பேராச்சி கோணிய வாயோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்; இடது கையால் மகளின் தலையைத் தடவினாள்.

பொங்கல் கழிந்து, ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கிக் கைக்குப் பிடிமானம் வந்தபிறகு, பேராச்சி பட்டறைக்குப் போனாள். கம்பங்களை இப்போது யாரும் துடைப்பதில்லை. சந்தனம் உதிர்ந்த இடத்தில் நம்பிராஜனே குழைத்துப் பூசுகிறார், வேங்கடசுப்ரமணியன் வரும்போது நல்ல சந்தனமாகப் பார்த்து வாங்கிவருகிறார். அவள் உட்கார்ந்ததும் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்தார்கள். தோலை விரித்தாள், வலது கையால் நேராக்கினாள், பெடலை மிதித்தாள். பிரஸ் ஓடியது. கோகிலவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

“ஓடுதுல்லா? பெறவு என்னட்டி பாத்துக்கிட்டு நிக்க? போய் ஒஞ் சோலியப் பாரு” என்றாள் பேராச்சி, அடுத்த தோலை இழுத்துக்கொண்டே.