ஹாஷிம் நானா கண்ட பிறைகள்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு மேலே மூன்று பிறைகள் தெரிந்தது தொண்ணூற்று நான்காம் ஆண்டு, நோன்பு இருபத்தொன்பதாம் நாள் மாலை ஆறரை மணிக்கு. மூன்றும் ஒரே அளவு, ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளி. கண்டியிலிருந்து வந்த பஸ்ஸில் இருந்தவர்களும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து எண்ணிவிட்டு, இறங்க வேண்டிய இடம் தப்பிவிடுமோ என்ற கவலைக்குத் திரும்பினார்கள். அன்று பக்கத்து ஊரான வத்தேகமவில் ஒரே பிறை. கலகெதரயிலும் ஒன்றுதான். கொழும்பிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் மறுவாரம் வந்தார். அவர் நின்ற மூன்று நாளும் மழை. நனைந்த செருப்போடு திரும்பிப் போனவர் ஒன்றும் எழுதவில்லை.

காரணம் ஹாஷிம் நானாவின் விரல். பாலத்தடியில் ஆணி, பூட்டு, தகரம் விற்கும் கடை அவருடையது, வயது அறுபத்தாறு. நோன்பு முடிந்ததா என்று அறிய, இருபத்திரண்டு வருடங்களாக ஊருக்குப் பிறை பார்த்துக் கொடுத்தவர். மற்றவர்களுக்குக் கண் இல்லாமலில்லை. ஆனால் மலைமுகட்டில் நகக்கீறல் அளவு நிற்கும் ஒன்றைத் தேடிக் கழுத்து வலிப்பானேன் என்று, ஹாஷிம் நானா விரலை நீட்டும் வரை எல்லோரும் கதைத்துக்கொண்டிருப்பார்கள். நீட்டியதும் அந்த விரல் வழியே பார்ப்பார்கள், தெரியும். பள்ளிவாசல் தலைவர் பளீல் ஹாஜியார் தன் பதிவுக் கொப்பியில் ‘பிறை கண்டவர்: ஹாஷிம்’ என்று எழுதுவார். அந்த ஒரு வரியைத் தவிர இந்த உலகத்தில் தனக்கென்று பெருமைப்பட ஒன்றுமில்லை என்று ஹாஷிம் நானா நம்பினார். அந்த மாலை அவர் விரல் மூன்று இடத்தில் நின்றது. ஊர் விரலைத்தான் பார்த்துப் பழகியிருந்தது. மூன்று இடத்திலும் பிறையைக் கண்டது.

பளீல் ஹாஜியார் கொப்பியை விரித்து, ஒன்று என்று சொன்னால் போதும், மிச்சத்தை விட்டுவிடலாம் என்று தணிந்த குரலில் கேட்டுப் பார்த்தார். “நான் கண்டது மூணு ஹாஜியார். ஒண்ணுண்டு எழுத என்னால சத்தியம் பண்ணேலா,” என்றார் ஹாஷிம் நானா. மூன்று பிறைக்குச் சாட்சி வாங்குவது எப்படி என்று எந்த மார்க்கக் கிதாபிலும் இல்லை. வானொலியில் பெருநாள் அறிவித்தார்கள், ஊரும் பெருநாள் எடுத்தது, ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த வரி வெறுமையாக நின்றது. பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்தை அன்று ஹாஷிம் நானா தொடவில்லை.

ஊர் பழகிவிட்டது. மாதாமாதம் மூன்று பிறை வந்தது, மூன்றும் வளர்ந்து பௌர்ணமியில் மூன்று முழு நிலவாகக் காய்ந்தன. பௌர்ணமி விடுமுறையான போயாவுக்கு மூன்று நாள் லீவு கேட்ட கிளாக்கர்மாரை அதிகாரி விரட்டிவிட்டார். பாலத்து விளக்கு பழுதானபோது, அதுதான் மூன்று நிலவு இருக்கிறதே என்று ஒருவரும் திருத்த வரவில்லை. ஹாஷிம் நானாவுக்கு மட்டும் பகலும் சலிப்பாகிவிட்டது. எதிரே வரும் லொறியின் வெளிச்சம் பூவாய் விரிந்து கண்ணைக் குத்தியது. இடுப்பில் உடுக்க வெள்ளைச் சாரம் வாங்கிவந்தால் பழுப்பு என்று சண்டை பிடித்தார். இரண்டு அங்குல ஆணி கேட்டவருக்கு ஒன்றரை அங்குலத்தைக் கொடுத்தார். மூக்குக் கண்ணாடியை இரண்டு தரம் மாற்றியும் பயனில்லை. கண்ணில் விழுந்த புரை பழுக்க வேண்டும், பழுக்காமல் வெட்டினால் குருடு என்று கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் மருத்துவம் சொன்னார்கள். ஒருவர் தேன் விடச் சொன்னார். விட்டு மூன்று நாள் எரிந்தது. இப்படியே இரண்டரை வருடம் போனது. நோன்புகள் வந்தன, ஹாஷிம் நானா பாலத்துக்கே போகவில்லை.

கடைசியில் மனைவி ரபீகாதான் அவரைக் கண்டியில் டாக்டர் மயில்வாகனத்திடம் கூட்டிப்போனாள். யாழ்ப்பாணத்து மனிதர், அவசரப்படாமல் பேசுவார். “கண்ணுக்குள்ள இருக்கிற வில்லை மங்கிப்போச்சு ஐயா. சொட்டு மருந்தால கரையாது, கண்ணாடியாலயும் சரிவராது. பழுக்கும் வரைக்கும் காத்திருக்க வேணுமெண்டதெல்லாம் பழைய கதை,” என்றார். மங்கல் திட்டுத்திட்டாகப் படிந்தால் வெளிச்சம் உடைந்து ஒரு பொருள் பலவாகத் தெரியும் என்றும் விளக்கினார். அப்படியானால் ஊருக்கும் ஏன் மூன்று தெரிகிறது என்று ஹாஷிம் நானா கேட்டார். டாக்டர் யோசித்தார். “உங்களுக்கு மூண்டு தெரியிறதுக்குக் காரணம் சொல்லுவன். ஊருக்குத் தெரியிறதுக்கு என்னட்டை மருந்தில்லை.”

வழிகளையும் அவரே சொன்னார். மங்கிய வில்லையை எடுத்துவிட்டு, போத்தல் அடிபோல் தடித்த கண்ணாடியோடு காலம் தள்ளலாம். அல்லது எடுத்த இடத்தில் புது வில்லை வைக்கலாம். முதலில் வலக்கண், அது ஆறியபின் மற்றது. நூற்றுக்கு நூறு என்று யாராலும் உறுதி தர முடியாது, ஆனால் பெரும்பாலும் நன்றாக வரும். புது வில்லை என்றால் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும்: கண்ணாடியில்லாமல் தூரம் தெளிவாக வேண்டுமா, கிட்ட வேண்டுமா? “தூரம்,” என்றார் ஹாஷிம் நானா, கேள்வி முடியுமுன்பே. பக்கத்துக் கதிரையில் இருந்த ரபீகா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். நாற்பது வருடமாகக் கிட்ட இருக்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று திரும்பிவரும் பஸ்ஸில்தான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

முதலில் வலக்கண்ணை வெட்டினார்கள், அது ஆறியபின் இடக்கண்ணையும். குனியக்கூடாது, நெற்றியை நிலத்தில் வைத்துச் சுஜூது செய்யக்கூடாது என்றதால் ஒவ்வொரு தடவையும் ஒரு மாதம் கதிரையில் இருந்தே தொழுதார். வேளைக்கு வேளை சொட்டு மருந்து விட்டவள் ரபீகா. பிறகு சாரம் வெள்ளையானது, மலை இலை இலையாகப் பிரிந்தது. சோற்றில் கிடக்கும் கல் மட்டும் தெரியவில்லை. ரபீகாவின் முகமும் குனிந்து மருந்து விடும்போது கலங்கிய தண்ணீரில் தெரிவதுபோல் இருந்தது.

அந்த வருடத்து நோன்பு இருபத்தொன்பதாம் நாள் ஹாஷிம் நானா பாலத்துக்குப் போனார். ஊரே கூடி வழிவிட்டது. மலைமுகட்டில் நகக்கீறல்போல், கூர்மையாக, ஒரே ஒரு பிறை. விரலை நீட்டினார். அந்த விரலை இப்போது யாரும் பார்க்கவில்லை. அவர் இல்லாத வருடங்களில் தாங்களாகவே பார்க்கப் பழகியிருந்தார்கள். “எத்தினை?” என்றார் பளீல் ஹாஜியார், கொப்பியோடு. “ஒண்ணு ஹாஜியார். ஒண்ணே ஒண்ணுதான் ஈக்கி.” கூட்டம் அவரைத் திரும்பிப் பார்த்தது. பிறகு ஒருவர் அவர் முதுகைத் தடவினார். “பாவம், கண்ண வெட்டிக் கெடுத்துப்போட்டாங்க,” என்று பின்னால் யாரோ சொன்னது கேட்டது. பளீல் ஹாஜியார் நல்ல மனிதர், அதனால் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, மூன்று பிறையையும் பார்த்தபடி, வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கச் சொன்னார்.

ஹாஷிம் நானா திரும்பி நடந்தார். வாதாட உடம்பில் தெம்பில்லை. வீட்டுக்கு வந்தபோது ரபீகா பின்வாசலில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எத்தினை கண்டீங்க?”

“ஒண்ணு.”

அவள் வானத்தை இன்னொரு தரம் பார்த்தாள். விரலை மடக்கி எண்ணவும் செய்தாள். “எனக்கு மூணுதான் தெரியுது. ஆனா நீங்க ஒண்ணுண்டா ஒண்ணுதான்,” என்று சொல்லிவிட்டு, வட்டிலப்பத்துக்கு முட்டை உடைக்க உள்ளே போனாள். ஹாஷிம் நானாவுக்குக் கண் கலங்கியது. வெட்டிய கண்ணைக் கசக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அப்படியே விட்டுவிட்டார். கொப்பியில் அந்த வரி பிறகு எந்த வருடமும் நிரப்பப்படவில்லை. கட்டுகஸ்தோட்டையில் இன்றைக்கும் பிறை மூன்று. அந்த வீட்டில் மட்டும் ஒன்று.