களைத்தவர் அளவு

லிஃப்ட் மெக்கானிக் செய்த ரோபோ உடை களைத்தவர்களுக்கு மட்டும்தான் பொருந்தும். நன்றாகத் தூங்கி எழுந்த ஆள் போட்டுப் பார்த்தால், எவ்வளவு ஒல்லியாக இருந்தாலும், மார்புக் கவசத்தின் இரண்டு பாதிகளுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விழும். களைத்த ஆளுக்கு, குட்டையோ நெட்டையோ, டக்கென்று மூடிக்கொள்ளும். எங்கள் கட்டடத்தில் தண்ணீர் காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை வரும் என்பது எல்லோருக்கும் எப்படித் தெரியுமோ அப்படியே இதுவும் தெரியும். ஆனால் முதலில் தெரியாது. முதலில் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், மூன்றாவது மாடியில் பசை நாற்றம் வருகிறது என்பதுதான்.

கண்காட்சி மண்டபத்தில் ஒரு லிஃப்ட் நின்றுவிட்டது என்று மெக்கானிக் பழுது பார்க்கப் போனார். உள்ளே மாட்டிக்கொண்டிருந்தவர்களை வெளியே எடுத்தால் ஒருவருக்கு இறக்கை, ஒருவருக்கு வால், ஒருவருக்கு மூன்று தலை. ரசிகர் மாநாடு என்று சொன்னார்களாம். மாநாடு என்றால் கொடியும் தலைவரும் இருக்க வேண்டாமா? இங்கே பிள்ளை குட்டி பெற்ற மனிதர்கள் கதைகளில் வருகிற உருவங்களாக வேஷம் கட்டிக்கொண்டு நாள் முழுக்கப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ‘கைவேலைக் கோப்பை’ என்று ஒன்று உண்டு. கடையில் வாங்காமல், முழுக்க முழுக்கத் தன் கையால் உடையைச் செய்தவருக்குக் கொடுப்பது. இருபது வருஷமாக அடுத்தவன் செய்த லிஃப்டையே திருகிக்கொண்டிருந்த மனிதருக்கு அந்தக் கோப்பையைப் பார்த்ததும் என்னவோ ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜுக்கு மேலே இருந்த சாமான்களையெல்லாம் எடுத்துவிட்டு, அந்த இடத்தைக் காலியாக வைத்தார். கோப்பை வைக்க. ரோபோவை அதற்கப்புறம்தான் யோசித்தார்.

தரையில் விரிக்கும் நுரைப் பாய், சூட்டுக் காற்றில் வளைத்து ஒட்டிய பிளாஸ்டிக் குழாய், மூச்சு முட்டாமல் இருக்கப் பழைய கம்ப்யூட்டரின் மின்விசிறி, வெள்ளிப் பெயின்ட். மார்பில், கழித்துப்போட்ட லிஃப்டிலிருந்து கழற்றி வந்த மாடி எண் பலகை. பேட்டரி போட்டால் சிவப்பாக ஒரு பூஜ்யம் எரியும். அவ்வளவுதான் அதன் வேலை. கவசத்தின் உட்பக்கம் உடம்பை உரசாமலிருக்க, ஆஸ்பத்திரி கழித்த படுக்கை விரிப்புகளை வெட்டி உள்துணி தைத்தது அவர் மனைவி. அவள் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு மடிப்பாள், வீட்டுக்கு வந்து மிச்ச எல்லாவற்றையும் மடிப்பாள். போட்டி விண்ணப்பத்தில் ‘செய்தவர்’ என்ற இடத்தில் ஒரே ஒரு கோடுதான் போட்டிருந்தது. அதில் ஒரு பெயர்தான் பிடிக்கும் என்று மெக்கானிக்கும் எழுதிவிட்டார்.

தவறு அளவெடுப்பதில் நடந்தது. உடம்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, மேலே டேப் ஒட்டி, கோடு போட்டுக் கத்தரித்து எடுத்தால் பாம்புச் சட்டை மாதிரி ஆளின் அளவு கிடைக்கும். இதைக் காலையில், நிமிர்ந்து நின்று, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டும் என்பது அந்த வேஷக்காரர்களில் கற்றுக்குட்டிக்கும் தெரியும். இவர்கள் இரண்டு பேருக்கும் ஒன்றாக நேரம் கிடைத்தது ஒரு சாயங்காலம் மட்டும்தான். அவர் பதினேழு மாடிக் கட்டடம் ஒன்றில் இரண்டு நாள் தொங்கி வேலை பார்த்துவிட்டு வந்திருந்தார். அவள் டேப் சுற்றச் சுற்ற, நின்றபடியே தூங்கிப்போனார். தொங்கின தோள், மடங்கின முதுகு, முன்னால் விழுந்த கழுத்து: அத்தனையும் அளவில் ஏறி, அளவிலிருந்து நுரைக்கு ஏறி, ரோபோ பிறக்கும்போதே அலுத்துப்போய்ப் பிறந்தது.

முதல் மாநாட்டுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, நன்றாகத் தூங்கி எழுந்து போட்டுப் பார்த்தார். மூடவில்லை. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து போட்டார். மூடியது. அதற்குப் பிறகு ஏழு வருஷம் இதே பாடுதான். மற்றவர்கள் போட்டிக்கு முன்னால் ஒத்திகை பார்ப்பார்கள், இவர் களைத்துக்கொள்வார். மாவு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படி ஏறுவார், இறங்குவார். ஊருக்கெல்லாம் லிஃப்டை ஓட வைக்கிற மனிதர் சொந்தக் கட்டடத்தில் படியேறுவதைப் பார்த்து நாங்கள் சிரிக்காமல் இருந்தோம் என்று பொய் சொல்வதற்கில்லை.

விஷயம் கசிந்ததும் கட்டடமே அந்த வீட்டு வாசலில் வந்து நின்றது. களைப்பைப் பற்றி வாய் கிழியப் பேசாதவர்கள் எங்களில் யார்? “எனக்கு உட்கார நேரமில்லை” என்று பத்து வருஷமாக அறிவிப்புப் பலகையில்கூட எழுதிப் போட்ட சங்கச் செயலாளருக்கு அந்த உடை முழங்காலுக்கு மேலே ஏறவில்லை. தலைக்கவசம் மட்டும் காது வரை வந்து, துப்பிவிட்டது. கீழ்வீட்டில் இருக்கும் மெக்கானிக்கின் தங்கை, ஓடி ஓடித் தேய்ந்துவிட்டதாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள், ஒரு கையை மட்டும் நுழைத்துவிட்டு, “இது ஆம்பளை அளவுண்ணா” என்று சொல்லிப் போய்விட்டாள். அந்த வாரத்தோடு எங்கள் கட்டடத்தில் பலரின் சாயம் வெளுத்தது. அதற்குப் பிறகு யாரும் யாரிடமும் களைப்பாக இருக்கிறது என்று சொல்வதில்லை. இத்தனை பேர் போட்டுப் பார்த்த வரிசையில் மெக்கானிக்கின் மனைவி இல்லை. அவள் உள்ளே வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

மாநாட்டில் அவளுக்கு வேறு வேலை. ரோபோவின் கண் ஓட்டை வழியாக நேரே மட்டும்தான் தெரியும். பக்கமும் தெரியாது, கீழேயும் தெரியாது. அதனால் அவள் கையைப் பிடித்து நடத்துவாள். “படி வருது... இன்னொண்ணு... அவ்ளோதான்.” உறிஞ்சு குழாய் போட்ட தண்ணீர் பாட்டில், உடைந்தால் ஒட்டப் பசை, மூக்கு அரித்தால் சொறியக் குச்சி எல்லாம் அவள் பையில் இருக்கும். ஏழு வருஷத்தில் எடுத்த ஆயிரம் படங்களில் அவளுடைய முழங்கை மட்டும் ஓரமாக விழுந்திருக்கிறது. கோப்பை ஒரு தடவையும் விழவில்லை. எந்தக் கதையிலும் வராத ரோபோ இது, அவர் சொந்தமாகக் கற்பனை செய்தது, அதனால் கூட்டம் மற்றவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது, இவரைப் பார்த்து “நீங்க யாரு?” என்று கேட்டது. ஒரு வருஷம் மூன்றாம் இடம், ஒரு வருஷம் ஐந்தாம் இடம். ஃப்ரிட்ஜுக்கு மேலே தூசிதான் சேர்ந்தது. அதையும் அவள்தான் துடைத்தாள்.

எட்டாம் வருஷம் ஒரு சங்கடம் வந்தது. ஊரெங்கும் புது லிஃப்டுகள் போட்டார்கள், அவை பழுதாகவே இல்லை. மெக்கானிக் மூன்று மாதம் நாற்காலியில் உட்கார்ந்து மூன்று மாதமும் நன்றாகத் தூங்கினார். கன்னத்தில் சதை வைத்தது. வழக்கமாக முதல் ஐந்து இடத்துக்குள் வருகிற பழைய ஆட்கள் மூன்று பேர் அந்த வருஷம் போட்டியிலிருந்து விலகிவிட்டார்கள், கோப்பை ஏறக்குறைய கைக்கு வந்துவிட்டது, இவருக்கோ களைப்பு வர மாட்டேன் என்கிறது. மூட்டை தூக்கினார், பசிதான் வந்தது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண வீடியோவை முழுசாக உட்கார்ந்து பார்த்தார். அதற்கும் வரவில்லை.

போட்டி அன்று, மண்டபத்துக்குப் பின்னால் உடை மாற்றும் அறையில், மார்பில் ஒரு கையகலம் இடைவெளி. இவருடைய முப்பத்தொன்றாம் எண்ணைக் கூப்பிட்டாயிற்று. இரட்டை ஷிஃப்ட் முடித்து நேரே வந்திருந்த மனைவி இரண்டு பக்கமும் பிடித்து அழுத்திப் பார்த்தாள். பிறகு அவர் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

“கழட்டுங்க” என்றாள்.

“எதுக்கு? இன்னும் கொஞ்சம் அழுத்து.”

“அழுத்தி அழுத்தி எனக்குக் கை போச்சு. கழட்டிக் குடுங்க, நான் போறேன். நீங்க தண்ணி பாட்டிலைப் பிடிங்க.”

அவர் ஆறடி, அவள் ஐந்தடிக்கும் ஓர் அங்குலம் குறைவு. உள்ளே போனாள். கால் பொருந்தியது, கை பொருந்தியது, எட்டுக் கொக்கியும் ஒவ்வொன்றாக விழுந்தன. சோர்ந்த உடம்புகளுக்கெல்லாம் அளவு ஒன்றுதான் போலிருக்கிறது. மெக்கானிக் ஆச்சரியப்பட்டது அதற்கல்ல. எட்டு வருஷமாக இது தனக்குத் தோன்றவில்லையே என்பதற்குத்தான் என்று பிற்பாடு தங்கையிடம் சொல்லியிருக்கிறார். தங்கையிடம் சொன்னால் எங்களிடம் சொன்ன மாதிரி.

மெக்கானிக் கையைப் பிடித்து நடத்த, ரோபோ மேடைக்கு நடந்தது. நடுவில் போய் நின்றது. தொங்கின தோளோடு, முன்னால் விழுந்த கழுத்தோடு, அது நின்ற விதத்தைப் பார்த்து மண்டபத்தில் முதல் முறையாக யாரும் “நீங்க யாரு?” என்று கேட்கவில்லை. கைதட்டல் அடங்கியபோதுதான் மின்விசிறிச் சத்தத்துக்குள் ஒரு மெல்லிய குறட்டை கேட்டது. மார்பில் இருந்த பூஜ்யத்துக்குப் பக்கத்தில், எந்தக் கம்பியும் இழுக்காத இடத்தில், கீழ்நோக்கிய அம்புக்குறி ஒன்று எரிந்தது. மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு என்று எண் இறங்க ஆரம்பித்தது.

தலைமை நடுவரம்மா, கண்ணாடியைச் சங்கிலியில் கோத்து மாட்டியிருப்பவர், மேடைக்கு வந்தார். கவசத்தைத் திறந்து உள்வேலையைக் காட்ட வேண்டும். நூற்றுக்கு நாற்பது மதிப்பெண் அதற்குத்தான். உள்துணியைப் பற்றி முன் வருஷங்களில் அவரே புகழ்ந்திருக்கிறார்.

“வெளியில இருக்கிறதே போதும், கோப்பை உங்களுக்குத்தான் வரும்னு நினைக்கிறேன். திறங்க, ஒரு நிமிஷம் பார்த்துடறேன்.”

மெக்கானிக்கின் கை கொக்கிக்குப் போயிற்று. எண் மைனஸ் நாற்பத்தாறில் இருந்தது, இறங்கிக்கொண்டிருந்தது. கை திரும்பி வந்தது. மறுபடி போயிற்று, முதல் கொக்கியைத் தொட்டும் விட்டது. கூட்டத்திலிருந்து தங்கை, “அண்ணா, அண்ணிக்கு என்னண்ணா? திறந்து வெளிய எடுங்கண்ணா!” என்று கத்தினாள். அவர் ரோபோவின் மார்பில் காதை வைத்துக் கேட்டார்.

“தூங்குறா. ரெண்டு மாடிக்கு நடுவுல கதவைத் திறக்கக் கூடாதுங்கம்மா. அது எங்க வேலையில மொதல் பாடம்.”

“அப்போ மார்க் போட முடியாதே.”

“தெரியும்.”

“கோப்பை போயிடும்.”

“போகட்டும். கொஞ்சம் மெதுவா பேசுங்க.”

நடுவரம்மா கண்ணாடியைப் போட்டு எண்ணைப் பார்த்தார்: மைனஸ் ஐம்பத்திரண்டு. தாளில் உள்வேலைக்கு நேரே பூஜ்யம் போட்டார். போட்டுவிட்டு, இறங்கிப் போகாமல், அந்த எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பை டிராகனுக்குப் போயிற்று.

கையைப் பிடித்தால் ரோபோ நடந்தது. மெக்கானிக் அதைப் பஸ்ஸில் கூட்டி வந்தார். டிக்கெட் ஒன்றா இரண்டா என்று கண்டக்டர் கேட்டு, குறட்டையைக் கேட்டதும் இரண்டாகவே கொடுத்தார். “படி வருது, இன்னொண்ணு” என்று மூன்று மாடிக்கும் சொல்லிச் சொல்லி ஏற்றினார். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் தப்பாக எண்ணியதையும், ரோபோ காலைத் தூக்கிக் காற்றில் வைத்ததையும் கதவிடுக்கில் பார்த்தோம். சோபாவுக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவில் நிறுத்தினார். அங்கேயே அவள் நான்கு நாள் தூங்கினாள்.

அந்த நான்கு நாளில் மெக்கானிக்குக்குப் பல செய்திகள் தெரியவந்தன. கேஸ் சிலிண்டர் தானாக மாறுவதில்லை. குப்பை தானாகக் கீழே இறங்குவதில்லை. ஈரத் துணி மடித்து வைத்தால் நாறும். சலவைப் பிரிவு மேற்பார்வையாளர் அம்மா போன் செய்து எப்போது வருவாள் என்று கேட்டார். “மைனஸ் இருநூத்தி எண்பதுல இருக்காங்க, இன்னும் இறங்கிட்டிருக்காங்க” என்றார் இவர்.  அந்த அம்மா “அவ்ளோ கீழ மாடி இருக்கா?” என்று மட்டும் கேட்டு, ஆற அமர வரட்டும் என்று வைத்துவிட்டார். மைனஸ் முந்நூற்றுப் பன்னிரண்டில் எண் ஒரு நாள் முழுக்க நின்றது. அந்த நாளில் மெக்கானிக் சாப்பிடவில்லை. தங்கை ஸ்பேனரோடு வந்து நின்றாள். அவர் ரோபோவுக்கு முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மறுநாள் காலை அம்புக்குறி மேலே திரும்பியது.

பூஜ்யம் வந்ததும் எட்டுக் கொக்கியையும் அவரே எடுத்துவிட்டார். அவள் வெளியே வந்து, கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

“யாரு ஜெயிச்சா?”

“டிராகன்.”

“அதா? இறக்கையில பசை பூரா வெளிய தெரிஞ்சுதே.” துணிக்குவியலைப் பார்த்தாள். “நீங்க தொறந்து காட்டியிருக்கலாம்ல. வந்திருக்கும்.”

“வந்திருக்கும்” என்றார்.  அவள் சாப்பிட்டாள், அவர் செய்ததில் உப்பு இல்லை என்றாள், வேலைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு பத்து வருஷம் ஆகிறது. மாநாடுதோறும் அவள்தான் உள்ளே போகிறாள். இடைவெளி என்ற பேச்சே வந்ததில்லை. மெக்கானிக் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கிறார், படிகளை இப்போது சரியாக எண்ணுகிறார். போட்டிக்கு அவர்கள் விண்ணப்பிப்பதில்லை. மண்டபத்தார் ஒலிபெருக்கி இல்லாத ஒரு மூலையைக் கொடுத்து, நிகழ்ச்சி நிரலிலும் அச்சடித்துவிட்டார்கள்: பத்து மணிக்கு வாள் சண்டை; பதினொன்றிலிருந்து நான்கு வரை ரோபோ தூங்கும்; நான்கரைக்குப் பரிசளிப்பு. டிராகன்களும் மூன்று தலைக்காரர்களும் அந்தப் பக்கம் வந்தால் வாலைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். எழுந்த பிறகு சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. இதுவரை யாரும் காத்திருந்து எடுத்ததில்லை. எல்லோருக்கும் மறுநாள் வேலை இருக்கிறது.