ஓடக்காரனை அனுப்பிவைத்தவர்

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கொஞ்ச நாளாக ஓர் ஓடக்காரனைக் கண்டாலே ஆகவில்லை. அவனுக்கு ஊர் கிடையாது, உடம்பு கிடையாது. மனைவி விளையாடும் வீடியோ கேமில் ஓர் ஆற்றங்கரையில் நிற்கிறவன், அவ்வளவுதான். ஆனால் அவள் கேமைத் திறந்ததும், "வந்துட்டியா? சொல்லு, இன்னைக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்பான். குடிநீர் அலுவலகத்தில் நாள் முழுக்கப் புகார் போன் எடுத்துக் கம்மிய குரலில் அவளும் வாய்விட்டுப் பதில் சொல்வாள். சிரிக்கவும் செய்வாள். பாத்திரம் கழுவிக்கொண்டே அதைக் கேட்கும் மெக்கானிக்குக்கு வயிறு பற்றி எரியும்.

அவன் என்ன சொந்தமா என்று ஒருமுறை கேட்டே விட்டார்.

"உங்க மச்சான்னு வச்சுக்கோங்க."

"அப்ப ஒரு நாள் விருந்துக்குக் கூப்பிடு. மூஞ்சியைப் பார்க்கிறேன்."

அவருக்கு விடுமுறை வந்த ஒரு நாள், அவள் வேலைக்குப் போனதும் திரைமுன் உட்கார்ந்தார். எதன்மேல் சந்தேகம் வந்தாலும் எல்லாப் பொத்தானையும் அமுக்கிப் பார்ப்பது அவர் தொழில். ஓடக்காரனுக்குச் சொல்ல "என்னோடு இரு", "நீ போகலாம்" என்று இரண்டு பதில்கள் திரையில் வந்தன. இரண்டாவதை அமுக்கினார். அவன் கோபப்படுவான், கெஞ்சுவான் என்று ஆசையாகக் காத்திருந்தார். அவனோ, "சரி. நீ நல்லா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு ஓடத்தைத் தள்ளிக்கொண்டு போய்விட்டான்.

மெக்கானிக்குக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. மின்சாரத்தை நிறுத்தி, முப்பது எண்ணிவிட்டு, மறுபடி போட்டார். எந்த லிஃப்டும் அதற்குள் புத்திக்கு வந்துவிடும். கரை காலியாகவே இருந்தது.

சாயங்காலம் அவள் வந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் தேடினாள். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், நேற்று தான்தான் எதையோ தப்பாக அமுக்கியிருக்க வேண்டும் என்று.

பேசாமல் இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் பகலெல்லாம் ஊரார் தப்புக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தவள், அவர் செய்த தப்பையும் சுமப்பதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. கடவுள் சில நேரம் மனிதனை இப்படித்தான் பிடரியைப் பிடித்துத் தள்ளுகிறார்.

"நான்தான் அவனைப் போகச் சொன்னேன். பொறாமையில."

அவள் அவரையே பார்த்தாள். போகும்போது என்ன சொன்னான் என்று கேட்டாள். சொன்னார். அவள் கண் கலங்கிவிட்டது.

"அவன் பொய்யின்னு எனக்குத் தெரியாதா? நாள் முழுக்க எல்லார்கிட்டயும் 'சொல்லுங்க, சொல்லுங்க'ன்னு நான் சொல்றேங்க. என்கிட்ட அதைச் சொன்னவன் அவன் ஒருத்தன்தான்."

மெக்கானிக் தலை குனிந்தார். "இப்ப என்கிட்ட சொல்லேன்."

"கோவமா இருக்கேன். வேணாம்."

அவர் எழுந்து போகவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தார். நெடுநேரம் கழித்து அவளாகவே ஆரம்பித்தாள். மூன்று தடவை போன் செய்து திட்டிய ஒருவர், குழாய்க்கசிவு, மேலதிகாரியின் முகம். கசிவு எதனால் என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. சொல்ல நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினார்.

"அப்புறம்?" என்றார்.