இடிக்காரரின் கீச்சுக் குரல்

என் கணவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். அவர் வாயைத் திறந்தால் ஒலிபெருக்கியே தேவையில்லை என்பார்கள். அங்கே அவருக்கு இடிக்காரர் என்றுதான் பெயர். அந்தக் குரலுக்காகத்தான் நான் கழுத்தை நீட்டினேன். மற்றபடி சொல்லிக்கொள்கிற மாதிரி அவரிடம் பெரிதாக ஒன்றும் இல்லை, அது அவருக்கும் தெரியும்.

எட்டு வருடம் முன்பு ஒரு காய்ச்சல் வந்து என் இரண்டு காதையும் வாரிக்கொண்டு போனது. அதன்பின் வீட்டில் துண்டுச்சீட்டு ராஜ்ஜியம்தான். "சோப்பு தீந்துபோச்சு", "மோட்டாரை நிறுத்து" என்று எழுதி எழுதி நீட்டுவார்.

இந்த வருடம் அறுவை சிகிச்சை செய்து, சத்தத்தை நரம்புக்குக் கடத்தும் மெல்லிய கம்பி ஒன்றை ஒரு காதுக்குள் வைத்தார்கள். ஒரு மாதம் கழித்து மருத்துவமனையில் அதை முடுக்கிவிடும் நாள். இடிக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் என் எதிரே உட்கார்ந்தார். மூன்று நாளாகக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தது எனக்குத் தெரியாதா என்ன? காதுப் பரிசோதனை செய்கிற பெண் கணினியில் எதையோ தட்டிவிட்டு அவரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"நான் பேசறது கேக்குதா?" என்றார்.

கேட்டது. பொறியில் மாட்டிய எலி விசாரிப்பது போலக் கேட்டது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். அதோடு விட்டேனா?

"எலி மாதிரி இருக்குங்க."

நுணலும் தன் வாயால் கெடும். அவர் முகம் சுண்டிப்போனது.

அந்தப் பெண் சுருண்டு போகும் ஒரு தெருவைக் காகிதத்தில் வரைந்து காட்டி, நிதானமாகப் பேசினாள். "உள்காது இப்படித்தான்க்கா இருக்கும். தெரு முனையில கீச்சுச் சத்தத்துக்கு வீடு. போகப்போக கனத்த சத்தத்துக்கு. நம்ம கம்பி கடைசி வீடு வரைக்கும் போகாது. அதனால சார் குரலை நடுவுலயே இறக்கிவிடறோம். மூளைக்குப் பழைய விலாசம்தான் தெரியும். அந்த வீட்டுலேர்ந்து வந்தா கீச்சுக் குரல்தான்னு சாதிக்குது."

"எப்ப மாறும்?"

"கேக்கக் கேக்கத்தான். சார் தினம் பேசணும். மூளை கொஞ்சம் கொஞ்சமா புது விலாசத்தைப் படிச்சுக்கும். பேச்சே இல்லன்னா ரொம்பக் கஷ்டம்க்கா."

சார் பேசினால்தானே. வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் சீட்டு. பத்து நாள் அப்படியே போனது. தொலைக்காட்சியில் யார் யாரோ கீச்சிட்டார்கள். அவர்கள் குரல் எனக்கு எதற்கு? நான் தலையைத் துளைக்கக் கொடுத்தது இந்த ஒரு மனிதருக்காக. ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது.

பதினோராம் நாள் ஒரு சீட்டை நீட்டினார். நான் தைத்துக்கொண்டிருந்த திரைச்சீலையை மடியில் போட்டுவிட்டுக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன்.

"வாயால சொல்லுங்க."

சீட்டை என் கையில் திணித்துப் பார்த்தார், நான் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு எலி சொன்னது: "நீ சிரிப்ப."

"சிரிப்பேன். சிரிச்சா கேக்குதுன்னு அர்த்தம். எனக்கு உங்க பழைய குரல் வேணுங்க. நீங்க பேசாட்டி எப்படி வரும்?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆனால் என்ன பேசுவது? அத்தனை பெரிய குரல் இருந்ததே தவிர மனிதருக்குப் பேச்சு வராது. தெரிந்ததைத்தான் சொன்னார். "ஆறு பத்து வண்டி மூன்றாவது நடைமேடையிலிருந்து புறப்படும்." அன்றிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் எங்கள் சமையலறையிலிருந்து வண்டிகள் கிளம்பின. நான் தைத்துக்கொண்டே வயிறு வலிக்கச் சிரித்தேன். அவரும் ரோஷத்தை விழுங்கிக்கொண்டு விடாமல் வண்டி விட்டார்.

ஐந்தாவது மாதம், நாலு நாற்பது வண்டியை அறிவித்துக்கொண்டிருந்தார். நான் சிரிக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தையலை நிறுத்தினேன்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னார். கனத்த, நிதானமான ஆண் குரல். என் முகத்தைப் பார்த்து அவருக்குப் புரிந்துவிட்டது.

"வந்துடுச்சா? பழைய குரலேதானா?"

ஒப்பிட்டுப் பார்க்க மனதுக்குள் துழாவினேன். பழைய குரல் அங்கே இல்லை. கெட்டியாக வைத்திருப்பதாகத்தான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். பொய் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"தெரியலைங்க. பழசு எப்படி இருந்துச்சுன்னே மறந்துபோச்சு. என் புருஷன் குரல்னா எனக்கு இப்ப இதுதான்."

அவர் நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு அந்தக் குரலிலேயே அடுத்த வண்டியை அறிவித்தார்.